ஐந்தரை அடி அகலம்

கரம்பொன் கிழக்கு,
ஊர்காவற்றுறை.
17.09.1989

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது உங்கள் தடிமனும் இருமலும் விட்டிருக்க வேண்டும் என்று நயினை நாகபூஷணி அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நானும் நளாயினியும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதலாம்தான். ஆனால் நேற்று முழுவதும் வேலிக்கு ஓலை கட்டியதில் விரல்கள் மடங்க மாட்டேன் என்கின்றன. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைத்திலிங்கம் மாஸ்ரரின் மருமகன் லண்டனில் இருந்து வந்து, நீங்கள் கொடுத்துவிட்ட பார்சலைத் தந்துவிட்டுப் போனார். நளாயினி சொக்கலேற் என்று நினைத்து ஓடி வந்தாள். அவிழ்த்துப் பார்த்தால் ஒரு சுவெற்றருக்குள் சுற்றி இரண்டு துண்டுத் தண்டவாளம், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். போகட்டும், சுவெற்றராவது எங்களுக்கு என்று நினைத்தோம். அது உடையாமல் கொண்டுவரச் சுற்றிய அவருடைய சுவெற்றராம். திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பார்சலோடு வந்த உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அறைக்குள் பலகை அடித்து, அதன் மேல் நீங்கள் வேலை செய்த கொடிகாமம் ஸ்ரேசனைச் சின்னதாகச் செய்யப் போகிறீர்கள் என்றும், கடையில் இரண்டு வகைத் தண்டவாளம் விற்கிறது, எது எங்கள் பாதை மாதிரி இருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். பெற்றோல் கடையில் வேலை முடிந்து வந்து நித்திரை வராமல் கிடப்பதைவிட இது மேல் என்று எழுதியதையும் வாசித்தேன். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு நாளும் கோச்சி ஓடாத தீவில் இருக்கிறவளிடம் தண்டவாளம் பற்றிக் கேட்கிற மனிதர் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

சொன்னதைச் செய்தேன். இரண்டு துண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு, உங்களோடு வேலை செய்த தம்பிஐயா அண்ணையிடம் காட்டலாம் என்று யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். பண்ணைச் சென்றியில் இந்திய ஆமி எல்லோரையும் இறக்கிப் பைகளைக் கொட்டிப் பார்த்தது. என் பையில் இருந்து இது விழுந்ததும் ஒருவன் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். பிறகு மண்மூட்டைக்கு மேல் வைத்து, ரோர்ச்சுக்குப் போடுகிற பற்றறி ஒன்றை அதன் மேல் உருட்டி "கூ" என்றான். வரிசையில் நின்ற சனமெல்லாம் சிரித்தது. அதைக் கேட்டு அவனுடைய பெரியவன் வந்தான். அவன் சிரிக்கவில்லை. கம்பி, ஆணி, கறுப்புப் பிளாஸ்ரிக் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, பஸ்ஸை அனுப்பி என்னை மட்டும் மறித்தான்.

வெயிலில் நின்றேன் அத்தான். தமிழ் தெரிந்த ஒருவனை எங்கிருந்தோ கூட்டி வந்தார்கள். அவன் நல்ல பிள்ளை. "அம்மா, இது குழந்தைங்க விளையாடுற சாமான்தானே, யாருக்கு?" என்று கேட்டான். புருஷனுக்கு என்று சொல்ல எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகனுக்கு என்றேன். எங்களுக்கு மகன் இல்லை என்பது அவனுக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

தம்பிஐயா அண்ணை இரண்டையும் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். இது மாதிரித்தான் என்றார். எது என்று கேட்டேன். இரண்டும்தான் என்றார். முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்த மனிதர் அத்தான்! நான் விடாமல் கேட்டதற்கு, "நான் ரிக்கற்றைத்தான் பாத்தனான் பிள்ளை, தண்டவாளத்தை ஆர் குனிஞ்சு பாத்தது?" என்று என்மேலேயே பாய்ந்தார். பிறகு தேத்தண்ணீர் தந்து, "குலசிங்கம் எப்ப வாறான்?" என்று உங்களை விசாரித்தார். நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு எழும்பினேன்.

ஆகவே நானேதான் தெரிவு செய்ய வேண்டியதாயிற்று. நாங்கள் கலியாணம் முடித்த புதிதில் என்னை ஒரு நாள் உங்கள் ஸ்ரேசன் பார்க்கக் கூட்டிப் போனீர்களே. பாதையைக் குறுக்கறுக்காமல், எனக்குக் காட்டுவதற்காகத் தண்டவாளத்துக்கு நடுவாலேயே நடந்தீர்கள். நீங்கள் ஒரு சிலிப்பர் கட்டையில் இருந்து மற்றக் கட்டைக்குச் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தீர்கள். எனக்குச் சேலையோடு கால் எட்டவில்லை. கட்டைக்கும் கல்லுக்கும் மாறி மாறி விழுந்தெழும்பி வந்தேன். நீங்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். நீங்கள் அனுப்பிய முதல் துண்டில் கட்டைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. அதில் நான் சேலையோடு ஓடியே போய்விடுவேன். இரண்டாவது துண்டில் கட்டைக்குக் கட்டை இடைவெளி அதிகம், தண்டவாளமும் அவ்வளவு தடிப்பில்லை. அதில் எனக்குக் கால் எட்டாது. ஆகவே இரண்டாவதையே வாங்குங்கள்.

கீழே கொட்டுகிற கல் என்ன நிறம் என்றும் கேட்டிருந்தீர்கள். எத்தனையோ வருஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற உங்களுக்கே மறந்துபோயிற்று என்று வாசிக்கக் கவலையாக இருந்தது. கல்லு கல்லின் நிறம்தான் அத்தான், வெள்ளை. எங்கள் மதில் கல் மாதிரி.

இனி என் விஷயம். உங்களுக்கு அங்கே இருக்க அனுமதி கொடுத்து நாலு வருஷம் முடிந்துவிட்டது. அது முடிந்தால் எங்களை அங்கே கூப்பிட ஸ்பொன்சர் போடலாம் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால் அவளைச் சேர்க்க மாட்டார்கள் என்று எழுதியதும் நீங்கள்தான். அவளுக்கு வருகிற ஆனியில் பதினேழு. தண்டவாளம் வாங்குகிற கடைக்குப் போகிற வழியில் அந்தப் பத்திரத்தையும் நிரப்பிப் போட்டுவிடுங்கள். நளாயினி பக்கத்தில் இருந்து, "அப்பாவோட நான் கோபம் எண்டு எழுதுங்கோ" என்கிறாள். எழுதிவிட்டேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போங்கள்.

என்றும் உங்கள்,
இலட்சுமி


கரம்பொன் கிழக்கு,
ஊர்காவற்றுறை.
22.04.1990

அன்புள்ள அத்தானுக்கு,

வருஷம் பிறந்து எட்டு நாள் ஆகிறது. கைவிசேஷம் தர ஆள் இல்லாததால் நளாயினி தன் காசைத் தானே வலக்கையில் இருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். நாங்கள் இருவரும் சுகம். கிணறு இந்த வருஷம் பங்குனியிலேயே உவர்த்துவிட்டது. குடிக்கிற தண்ணீருக்கு நாலு வீடு தாண்டி ஜசிந்தா ரீச்சர் வீட்டுக்குப் போகிறேன். தண்ணீர் அள்ளி, ஆட்டுக்குக் குழை வெட்டி, அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, திரும்ப வந்து சமைத்து முடிய எனக்கு ஒன்றிலும் மனம் ஓடுவதில்லை. முன்பெல்லாம் களைப்பு படுத்தால் போய்விடும். இப்போது எழும்பும்போதும் கூடவே எழும்புகிறது.

நீங்கள் செய்த ஸ்ரேசனை எடுத்து அனுப்பிய படம் கிடைத்தது. ஜசிந்தா ரீச்சரும் வந்து பார்த்தார். ஓட்டுக் கூரையும் மர வளைவும் ரிக்கற் யன்னலும் அப்படியே இருக்கின்றன என்று நான் சொன்னேன். "இதுக்குள்ள ஒரு மனிசரையும் காணேல்லையே" என்று அவர் கேட்டார். பிறகுதான் நானும் பார்த்தேன். பிளாற்போம் முழுக்க ஒரு சனம் இல்லை. கடையில் சின்ன மனிதர்களும் விற்கிறார்கள், ஆனால் ஆள் இல்லாமல் இருப்பதுதான் வடிவு என்று நீங்கள் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சந்தை நாளில் தேங்காய்க்காரரும் மாம்பழக்காரரும் நின்று கத்துகிற ஸ்ரேசன் அத்தான் அது. ஆள் இல்லாமல் எப்போது பார்த்தீர்கள்?

நான் சொன்ன இரண்டாவது வகையை வாங்கிப் போட்டுவிட்டீர்கள், வெள்ளைக் கல்லும் கொட்டிவிட்டீர்கள். சந்தோஷம். ஆனால் நீங்கள் சேர்ந்திருக்கிற சின்னக் கோச்சிச் சங்கத்து வெள்ளைக்காரக் கிழவர் வந்து பார்த்து, இது எங்கள் நாட்டுப் பாதை, உங்களுடையது இதைவிட அகலம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர்களின் பாதை நாலு அடி எட்டரை அங்குலமாம், எங்களுடையது ஐந்தரை அடியாம், கடையில் விற்பது எல்லாம் அவர்களின் அளவுதானாம். சரியாக வேண்டுமென்றால் கம்பியும் கட்டையும் தனித்தனியாக வாங்கி, ஒவ்வொன்றாகக் கையால் ஒட்ட வேண்டுமாம். போட்டதைப் பிடுங்குவதா விடுவதா என்று என்னைக் கேட்டு நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த நாலு பக்கத்துக்கும் கீழே, மூலையில், ஒரே ஒரு வரி. "ஸ்பொன்சர் விஷயம் பார்ப்போம், நாட்டு நிலைமை சீராகிறதுதானே, நானே வந்துவிடுவேன்."

எனக்குக் கோபம் வந்தது. கடிதத்தை அலுமாரிக்குள் எறிந்துவிட்டு, பத்து நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன். நளாயினி எடுத்து வாசித்துவிட்டு, "அப்பாவுக்கு நாங்கள் வேணுமோ கோச்சி வேணுமோ எண்டு கேட்டு எழுதுங்கோ" என்றாள். அப்படிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் உங்களை எனக்குத் தெரியும்.

எண்பத்திமூன்று கலவரத்தில், தெற்கே மாற்றலில் இருந்தபோது ஸ்ரேசனுக்குள் வந்து உங்களை அடித்தார்கள். கோச்சியின் சாமான் பெட்டிக்குள் சாக்குகளுக்கு நடுவே ஒளிந்து கிடந்து, அகதிகளோடு கப்பலில் வந்தீர்கள். காங்கேசன்துறையில் இறங்கினால் கோச்சி பக்கத்திலேயே நின்றது. உங்கள் சிநேகிதர்கள் கூப்பிட்டும் ஏற மாட்டேன் என்று, மூன்று பஸ் மாறி வீட்டுக்கு வந்தீர்கள். அதற்குப் பிறகு லண்டனுக்குப் போகும் வரையில் ஒரு நாளும் நீங்கள் ஸ்ரேசன் பக்கம் போகவில்லை. அப்படிப்பட்டவர் இன்றைக்கு அறைக்குள் தண்டவாளம் போடுகிறார் என்றால், அதை விளையாட்டு என்று நினைக்க எனக்கு என்ன பைத்தியமா? நாங்கள் இரண்டு பேரும் அங்கே வந்துவிட்டால் நீங்கள் திரும்பி வர இங்கே ஒன்றும் மிஞ்சாது. அதுதானே உங்கள் பயம்? வீட்டையும் எங்களையும் இங்கே வைத்திருந்தால், ஒரு நாள் வந்து இறங்கலாம் என்று ஒரு எண்ணம். எனக்கு விளங்குகிறது அத்தான். ஆனால் அந்த எண்ணத்தை நீங்கள் அங்கே வைத்துக்கொள்ள, இங்கே காவல் இருக்கிறது நாங்கள்.

பள்ளிக்கூடத்தில் இயக்கத்துக்கு ஆள் சேர்க்கக் கூட்டம் வைக்கிறார்கள். போன மாதம் அவளின் வகுப்பில் இரண்டு பெண்பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒருத்தியின் தாய் நாகமுத்து அக்கா தினமும் மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறார். மணி அடித்து எல்லாரும் போன பிறகும் நிற்கிறார். அதைப் பார்த்த நாள் தொடக்கம் நான் நளாயினியைக் கொண்டுபோய் விடுகிறேன், நானே போய்க் கூட்டி வருகிறேன். என்னிலும் உயரமான பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறேன் என்று ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இந்தியன் ஆமி போய்விட்டது. இப்போதைக்கு அமைதி. கோச்சியும் ஓடுகிறது. யாழ்ப்பாணத்தில் ஏறினால் கொழும்பில்தான் இறங்க வேண்டும், நடுவில் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லையாம். உங்கள் கடிதம் ஒன்று வந்தால் போதும். ஆடுகளை ஜசிந்தா ரீச்சரிடம் விட்டு, வீட்டைப் பூட்டி, அடுத்த கோச்சியில் நாங்கள் ஏறிவிடுவோம். இந்த அமைதி எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது.

மூன்று கடிதமாகக் கேட்கிறீர்கள், கொடிகாமத்துக்குப் போய் ஸ்ரேசனைப் பார்த்து, கட்டைக்குக் கட்டை எவ்வளவு தூரம், கட்டை என்ன நிறம் என்று எழுதச் சொல்லி. எனக்கு நேரம் இல்லை அத்தான். பஸ்ஸில் அவ்வளவு தூரம் போகத் தெம்பும் இல்லை. பிடுங்குவதா விடுவதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். பத்திரத்தை மட்டும் போடுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பாணும் தேத்தண்ணீரும் சாப்பாடு அல்ல.

உங்கள்,
இலட்சுமி


புகையிரத நிலையம்,
கொடிகாமம்.
11.11.1990

அன்புள்ள அத்தானுக்கு,

மேலே உள்ள விலாசத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஆனிக்குப் பிறகு உங்கள் கடிதம் ஒன்றும் வரவில்லை. நீங்கள் எழுதவில்லை என்று நான் சொல்லவில்லை. தபாலும் இல்லை, கோச்சியும் இல்லை. ஆனி நடுவில் சண்டை தொடங்கிய அன்றோடு எல்லாம் நின்றது. இந்தக் கடிதத்தை ஜசிந்தா ரீச்சர் கொண்டு போகிறார். பூநகரிப் பக்கத்தால் நடந்தும் சைக்கிளிலும் வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போய், தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சுகமாகப் போய்ச் சேர வேண்டும். அதுவே எனக்குப் பெரிய யோசனை.

ஆவணியில் ஊர்காவற்றுறையில் ஆமி இறங்கியது. ஷெல் அடிக்கத் தொடங்கியதும் அடுப்பில் சோறு இருக்க வெளிக்கிட்டோம். வேலணைக்கு நடந்து, அங்கிருந்து வள்ளத்தில் அராலித் துறைக்கு. ஆடுகளை அவிழ்த்துவிட்டேன். ஒன்று கரை வரைக்கும் பின்னால் வந்தது. வீட்டைப் பூட்டினேன், திறப்பு என்னிடம் இருக்கிறது. வீடு இருக்கிறதோ தெரியாது. முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம், பிறகு ஒரு கோயில் மடத்தில். இரண்டிலும் சனம் கொள்ளாமல் எங்களைத் தென்மராட்சிக்கு அனுப்பினார்கள். லொறியில் இருந்து இறங்கும்போது நளாயினிதான் முதலில் கண்டாள். "அம்மா, அப்பாவின்ர ஸ்ரேசன்!" என்றாள். உங்கள் படத்தில் பார்த்த அதே கூரை, அதே ரிக்கற் யன்னல். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போய்ப் பார், போய்ப் பார் என்று எத்தனை கடிதம் எழுதினீர்கள். இப்போது வந்து குடியே இருக்கிறேன்.

பிளாற்போமில் தீவுப்பகுதிச் சனம் நிறைந்திருக்கிறது. ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் சேலை கட்டினால் ஒரு வீடு. எங்கள் வீடு மூன்றாவது தூண். உங்கள் அறையில் நெடுந்தீவுச் சந்தியோகு அண்ணையின் குடும்பம் இருக்கிறது. அவருடைய மாடுகள் கடலுக்கு அப்பால் நிற்கின்றன. காலையில் எழும்பி மாடு கறக்கப் போகிறவர் மாதிரி வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்புகிறார். உங்கள் கதிரை மேசை ஒன்றும் இல்லை. மணி மட்டும் இருக்கிறது. கஞ்சி காய்ச்சி முடிந்தால் அதைத்தான் அடிக்கிறார்கள். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டுக் கிழவிகள் எல்லாம் கோச்சி வருகிறதென்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்கள்.

இங்கே எனக்குத் தண்ணீர் அள்ள வேண்டாம், ஓலை கட்ட வேண்டாம், ஆடு இல்லை. சும்மாதான் இருக்கிறேன். சும்மா இருக்க இருக்க இன்னும் களைக்கிறது. ஆகையால் நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

முதலாவது, கல். நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் அத்தான். வெள்ளை இல்லை, கருங்கல். மழையில் நனைந்தால் கரு நீலமாக இருக்கிறது. வன்னிக்கு அப்பால் இருந்து கொண்டுவந்து கொட்டிய கல்லாம். தீவில் பிறந்தவளுக்கு முருகைக் கல்லைத் தவிர வேறு கல்லுத் தெரியுமா? மதிலும் வெள்ளை, கிணற்றுக் கட்டும் வெள்ளை, கோயில் வீதியும் வெள்ளை. கல் என்றால் வெள்ளை என்றே எழுதிவிட்டேன். நீங்களும் தீவான்தானே, யோசிக்காமல் கொட்டிவிட்டீர்கள். அந்தக் கிழவர் பார்த்து என்ன நினைத்திருப்பார்!

இரண்டாவது, கட்டையின் நிறம். படத்தில் எல்லாக் கட்டைக்கும் ஒரே கறுப்புப் பூசியிருக்கிறீர்கள். மேல்பக்கம் வெயிலில் வெளிறிச் சாம்பல் நிறம். அடிப்பக்கம்தான் தார் ஊறிய கறுப்பு. அடிப்பக்கம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தண்டவாளத்தைக் கழற்றி, கட்டைகளைக் கிளப்பி, பங்கருக்கு மேலே அடுக்கியிருக்கிறார்கள். ஸ்ரேசனுக்குப் பின்னால் எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. பொம்பர் குண்டு போட வந்தால் உள்ளே போய் அண்ணாந்து கிடப்போம். உங்கள் சிலிப்பர் கட்டை என் மூக்குக்கு நேரே இருக்கும். நல்ல மரம். தார் மணம் இன்னும் போகவில்லை.

மூன்றாவது, கட்டைக்குக் கட்டை எவ்வளவு தூரம். கட்டை போய்விட்டாலும் அது கிடந்த இடம் கல்லுக்குள் பள்ளமாக அப்படியே இருக்கிறது. பள்ளத்துக்குப் பள்ளம் என் கையால் ஒரு முழம், அதோடு கொஞ்சம். இப்போதும் எனக்குக் கால் எட்டவில்லை. நடந்து பார்த்தேன்.

கடைசியாக, போட்ட பாதையைப் பிடுங்குவதா விடுவதா என்று கேட்டீர்களே. பிடுங்குங்கள். கடையில் விற்கிறதை வாங்க வேண்டாம். கம்பியும் கட்டையும் வாங்கிக் கையாலேயே போடுங்கள். கட்டைக்குச் சாம்பல் நிறம் பூசுங்கள், கருங்கல்லைக் கொட்டுங்கள், ஐந்தரை அடி அகலமாகப் போடுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்ரேசனில் இருந்து கொஞ்சம் தள்ளி இன்னும் கழற்றாத ஒரு துண்டுப் பாதை இருக்கிறது. போன கிழமை நானும் நளாயினியும் விறகு பொறுக்கப் போனபோது அவள் திடீரென்று தண்டவாளங்களுக்கு நடுவே குறுக்காக நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டாள். "எழும்படி!" என்று நான் குழறினேன், ஏதோ கோச்சி வரப்போகிற மாதிரி. அவள் எழும்பவில்லை. "இஞ்ச பாருங்கோ அம்மா" என்றாள். அவளின் உச்சந்தலை ஒரு தண்டவாளத்தில் முட்டிக்கொண்டிருந்தது. குதிக்கால் மற்றத் தண்டவாளத்தில் முட்டிக்கொண்டிருந்தது. ஒரு விரல் வைக்க இடம் இல்லை.

நீங்கள் போகும்போது அவள் என் தோளுக்கும் கீழே. இப்போது எவ்வளவு உயரம் என்று நீங்கள் ஒரு கடிதத்திலும் கேட்டதில்லை. உங்கள் பாதையின் அகலம் உங்களுக்கு நித்திரையில் கேட்டாலும் தெரியும். அவளின் உயரமும் அவ்வளவுதான். நீங்கள் வாங்கிப் போட்டிருக்கிற அந்த ஒடுங்கின பாதைக்குள் உங்கள் மகள் கொள்ள மாட்டாள். அதனால்தான் பிடுங்கச் சொல்கிறேன்.

வருகிற ஆனியில் அவளுக்குப் பதினெட்டு. ஸ்பொன்சர் போட்டீர்களோ தெரியாது. போட்டிருந்தால் அது கொழும்பில் எங்கேயாவது கிடக்கும், ஜசிந்தா ரீச்சரிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போடுங்கள். நானே வருவேன் என்று இனி எழுத வேண்டாம். நீங்கள் வரக்கூடாது. வந்து இறங்க இங்கே தண்டவாளம் இல்லை, வீடும் எங்கள் கையில் இல்லை. நீங்கள் போன புதிதில் வரச்சொல்லி எழுதிய நானேதான் சொல்கிறேன், வராதீர்கள். நாங்கள்தான் வர வேண்டும். நடந்தாவது வருவோம். நான் வராவிட்டாலும் காரியமில்லை, அவள் வர வேண்டும். கூட்டம் இங்கேயும் வைக்கிறார்கள். இந்தப் பிளாற்போமிலேயே வைக்கிறார்கள். அவள் ஒரு மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். முகத்தைப் பார்த்தால் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களோடு கோபம் என்று சொல்வதையும் இப்போது விட்டுவிட்டாள்.

அதுவரைக்கும் ஒரு காரியம் செய்யுங்கள். கடையில் விற்கிறதாகச் சொன்ன அந்தச் சின்ன மனிதர்களில் இரண்டு பேரை வாங்குங்கள். ஒருத்தி கையில் பையோடு நிற்க வேண்டும். மற்றவள் அவளிலும் உயரம். அளவு பார்த்து வாங்குங்கள், அவளைப் படுக்க வைத்தால் நீங்கள் புதிதாகப் போடுகிற பாதைக்குள் சரியாகக் கொள்ள வேண்டும். இரண்டு பேரையும் பிளாற்போமில் மூன்றாவது தூணடியில் வையுங்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பாருங்கள்.

பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். சும்மா நிறுத்தி வைத்தால் போதும். எடுக்கிற நேரம் எடுக்கக்கூடியதாக இருக்கட்டும்.

நயினை அம்மன் உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள்,
இலட்சுமி